பழையது பழியல்ல, மறைப்பதே பழி!

பழைய இரும்பு என்றாலே முகஞ்சுளிக்கும் சீமான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் புதிதாக வேண்டும். பெட்டி பிரிக்காததாக வேண்டும். கம்பெனி முத்திரை பளபளக்க வேண்டும். பாட்டாளியின் வாழ்வு அப்படிப்பட்டதல்லவே! ஞாயிறுதோறும் புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் சந்தையைப் பாருங்கள். துணியென்ன, புத்தகமென்ன, தட்டுமுட்டுச் சாமானென்ன! ஒருவர் வீட்டில் பழையதானது, இன்னொருவர் வீட்டில் புதியதாகிறது. அதிலே இழிவு ஏதுமில்லை. இழிவு என்றால், பழையதைப் புதியதென்று சொல்லி விற்பதுதான் இழிவு!

மோட்டார் வண்டிக்கும் இதே நியாயந்தான். முன்பக்கம் நசுங்கிய காருக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து பானெட் வருகிறது. காயலான் கடையிலிருந்து கதவு வருகிறது. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய விளக்கு வருகிறது. டிங்கர் தட்டுகிறார், பெயிண்டர் பூசுகிறார், வண்டி ஓடுகிறது. பிறகு ஒருநாள் அந்த வண்டி விலைக்கு வருகிறது. அப்போதுதான் தகராறு பிறக்கிறது. "பழைய சாமான் போட்ட வண்டியா? பாதி விலைக்குக் கொடு" என்கிறான் வாங்க வந்தவன். "சாமானே மாற்றவில்லை, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்று சத்தியம் செய்கிறான் தரகன். ஒருவன் அஞ்சுகிறான், மற்றவன் பொய்யுரைக்கிறான். இந்த இருவருக்கும் நடுவே நசுங்குபவன் யார்? கடன் வாங்கி ஒரு பழைய வண்டி வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் நம் தோழன்!

ஆகவே, தோழர்களே, இது ஏதோ கார் வைத்திருக்கும் கனவான்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். புதுக்கார் வாங்குபவன் கனவான். அந்தக் காரை மூன்றாவது கையாக வாங்குபவன் தொழிலாளி. முதல் கையின் விபத்து, மூன்றாவது கையின் தலையில் வந்து விடிகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். "இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதே, புது சாமான் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள் விவரமறியாதார். இருக்கிறது, இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது! ஆனால் அது எப்படி இருக்கிறது? 2002-ல் வகுத்த மோட்டார் கட்டண விதிகளின் தேய்மானக் கணக்கு இன்றும் பாலிசிகளில் நிற்கிறது. ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டி நேற்று வாங்கியதானாலும் விலையில் 50 சதம் கழிவு. இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பார்த்துக் கழிவு. ஆறு மாதம் வரை கழிவில்லை. ஐந்து வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் 40 சதம். பத்தைத் தாண்டினால் 50 சதம். கண்ணாடி ஒன்றுக்குத்தான் கழிவே கிடையாது.

எட்டு வயது வண்டி ஒன்று மோதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சாமான் 30,000 ரூபாய், பிளாஸ்டிக் சாமான் 20,000 ரூபாய். கம்பெனி கொடுப்பது முதலாவதில் 18,000, இரண்டாவதில் 10,000. அதிலும் சிறிய காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஆக, 50,000 ரூபாய் சாமானில் உரிமையாளன் கையிலிருந்து போவது 23,000! இதுமட்டுமா? கிளெய்ம் வாங்கினால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கழிவுச் சலுகை, அதாவது 20 சதத்தில் தொடங்கி 50 சதம் வரை ஏறும் அந்தப் போனஸ், மறு ஆண்டில் மறைந்துவிடும். தேய்மானமே பார்க்காத பாலிசியும் உண்டு. அது கூடுதல் பணம் கட்டுபவனுக்கு; பொதுவாகப் புது வண்டிக்கு. மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் மட்டும் கட்டி ஓட்டுகிறானே ஏழை, அவன் வண்டி உடைந்தால் அவனுக்குக் கிடைப்பது ஒரு காசுமில்லை.

புது வண்டிக்காரனுக்குப் புது சாமான், பழைய வண்டிக்காரனுக்குப் பாதிப் பணம்! பின் அவன் காயலான் கடைக்குப் போகாமல் எங்கே போவான்?

2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரி பாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதம் என்றாயிற்று; அதுவரை பலவற்றுக்கு 28 சதம். சிறிய கார்களின் வரியும் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. நல்லது, வரவேற்போம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதுக்கார் விலை இறங்கினால் பழைய கார் விலை தானே இறங்கும். ஏற்கெனவே கடனில் பழைய வண்டி வாங்கியவனுக்கு வண்டியின் மதிப்பு குறைந்தது. கடன் தவணை குறையவில்லை. விற்று மீள நினைப்பவனுக்கு ஒவ்வொரு ஆயிரமும் உயிர்நாடி. அந்த நேரத்தில், "இது அடிபட்ட வண்டி" என்ற ஒரு சொல், விலையை இன்னும் சரிக்கிறது. அதனால் மறைக்கத் தூண்டுதல் பெருகுகிறது. மறைப்பவன் எல்லோரும் கயவனல்லன், கடன்காரனும் உண்டு.

"எங்கள் கம்பெனிப் புது சாமானைத் தவிர வேறெதைத் தொட்டாலும் ஆபத்து" என்று கார் கம்பெனிகள் பயமுறுத்துகின்றன. அந்த அறிவுரையிலே அக்கறை பாதி, ஆதாயம் பாதி. வெளிப் பட்டறைக்காரர்களுக்குச் சாமானும் தொழில் விவரமும் கிடைக்காமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீடுகள் நடந்தன. அது வேறு கதை. "அசல், அசல்" என்று கூவுபவர் வாயிலும் வியாபாரம் இருக்கிறது என்பதை நாம் அறிந்துகொண்டால் போதும்.

அப்படியானால் பழைய சாமான் எல்லாம் நல்லதா? அல்ல, அல்லவே அல்ல! பழைய சாமானில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, நல்ல பழையது. அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய கதவு, டிக்கி மூடி, பக்கக் கண்ணாடி, இருக்கை, விளக்கு. கம்பெனியில் அச்சடித்த தகடு. கம்பெனியில் பூசிய வர்ணம். விரலளவு பட்டி பூசி மெழுகிய சொந்தக் கதவைவிட, போலி முத்திரை குத்திய 'புது' சாமானைவிட, இது மேல். இதனால் வண்டியின் மதிப்பு குறைய நியாயமே இல்லை.

இரண்டாவது வகை, உயிரைக் குடிக்கும் பழையது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஏர்பேக். ஏர்பேக் ஒருமுறைதான் வெடிக்கும். வெடித்ததை மடித்து வைத்து மூடினால் அது பாதுகாப்பல்ல, பஞ்சு மூட்டை. மோதலில் இழுபட்ட சீட் பெல்ட் மறுமுறை தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி என்று வெட்டிப் பற்றவைத்தால் அது வண்டியல்ல, வெள்ளையடித்த கல்லறை! மூக்குத்திக்குப் பித்தளை போடலாம், மூச்சுக்குழலுக்குப் போடலாமா?

மூன்றாவது வகை, திருட்டுப் பழையது. உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில் சோத்திகஞ்ச் என்றொரு கடைவீதி. களவுபோன வண்டிகளைக் கண்டதுண்டமாக்கி விற்கும் இடம் என்று பெயரெடுத்தது. 2021 டிசம்பரில் போலீசார் அதை மூடினார்கள். அங்கே பிழைத்தவர்களில் நேர்மையானவரும் இருந்திருப்பார்கள். ஆனால் கணக்கில்லாத இடத்தில் நல்லவனையும் கள்ளனையும் பிரிப்பது எப்படி? களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு வாங்கியவன் மீதும் பாயும்.

மனிதனைப் பார்த்து, "நீ எந்த வீட்டில் பிறந்தாய், எந்தத் தெருவிலிருந்து வந்தாய்?" என்று கேட்காதே என்று சொல்லி வளர்ந்த இயக்கம் நம்முடையது. ஆனால் இரும்பைப் பார்த்துக் கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும்! "எந்த வண்டியில் இருந்தாய்? எந்த விபத்தில் வந்தாய்? யார் கழற்றினார்கள்?" மனிதனின் மதிப்பு பிறப்பால் வருவதில்லை. பிரேக்கின் மதிப்பு பிறப்பிடத்தில்தான் இருக்கிறது.

இனி, மறு விற்பனை மதிப்புக்கு வருவோம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் சொன்னதன் சாரம் நம் தரகர்களுக்கும் தெரிந்ததுதான். விற்பவனுக்கு வண்டியின் குற்றம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் அவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து எல்லாவற்றுக்கும் குறைந்த விலை கேட்கிறான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், விலகிவிடுகிறான். சந்தையில் மிஞ்சுவது ஓட்டை உடைசல். ஆக, மதிப்பைத் தின்பது பழைய கதவல்ல, அதைப் பற்றிய இருட்டு! கள்ளன் சொன்ன பொய்க்கு நேர்மையானவன் அபராதம் கட்டுகிறான்.

இந்த இருட்டு எப்படிப்பட்டது என்பதைப் புதுச்சேரி மக்கள் மறந்திருக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் நம் கரையருகே ஏறியது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க இராணுவமே வந்தது. தண்ணீர் வடிந்தது, மூழ்கிக் கிடந்த வண்டிகள் என்னாயின? சில பழுது பார்க்கப்பட்டன, சில உடைக்கப்பட்டன, சில கழுவித் துடைத்து விலைக்கு நிறுத்தப்பட்டன. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் விழுங்கியபோதும் இதே பேச்சுதான் சந்தையில் அடிபட்டது. சேற்று நீரில் மூழ்கிய வண்டியில் மின்கம்பிகள் உள்ளுக்குள்ளே அரிக்கும். ஏர்பேக் கருவி எந்த நாள் ஏமாற்றும் என்று தெரியாது.

பழுதுச் செலவு வண்டியின் இன்ஷ்யூரன்ஸ் மதிப்பில் 75 சதத்தைத் தாண்டினால், அதை முழு நட்டம் என்று கணக்கிடுகின்றன கம்பெனிகள். உரிமையாளனுக்குப் பணம் கிடைக்கிறது. உடைந்த வண்டி விலைபோகிறது. அழிந்துபோன, இனி ஓட்டவே தகுதியற்ற வண்டியைப் பற்றி 14 நாளில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆனால் 'முழு நட்டம்' என்று பணம் கொடுத்த வண்டி, மறுபடி பழுதுபார்த்து ஓடத் தொடங்கினால்? ஆர்.சி.யிலே எரிபொருளுக்கு இடமுண்டு, நிறத்துக்கு இடமுண்டு, கடன் கொடுத்த பாங்கிக்கும் இடமுண்டு. விபத்துக்கு இடமில்லை! பாங்கியின் பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, பயணியின் உயிருக்கு இல்லை!

பிற நாடுகளில் எப்படி? இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் உருக்குலைந்த வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, முழுவதையும் நசுக்கிவிட வேண்டியது. இரண்டு, உடலை நசுக்கி நல்ல பாகங்களை மட்டும் எடுக்கலாம். மூன்று, எலும்புக்கூடு அடிபட்டது, சரிசெய்து ஓட்டலாம். நான்கு, எலும்புக்கூடு தப்பியது. அந்த முத்திரை வண்டியின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

நம்மை ஆண்டு போனானே பிரெஞ்சுக்காரன், அவன் நாட்டுச் செய்தி இன்னும் சுவையானது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் முடித்தார்கள். அந்த பிரான்சில் 2016 மே மாதத்தில் பிறப்பித்த ஆணை ஒன்று, 2017 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. என்ன ஆணை? பட்டறைக்காரர், வண்டி கொண்டுவருபவரிடம், "பழைய பாகம் போடலாமா, புதியது போடலாமா?" என்று கேட்டே ஆகவேண்டும்! முடிவு வாடிக்கையாளருடையது. எந்தெந்தப் பாகம் என்று பட்டியலும் உண்டு: கழற்றிப் பொருத்தும் தகடுகள், ஒட்டாத கண்ணாடிகள், உள் அலங்காரம், விளக்குகள், இயந்திரப் பாகங்கள், மின்னணுப் பாகங்கள். ஆனால் தேய்மானத்துக்குள்ளாகும் பிரேக், ஸ்டீயரிங், சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கடுமையாக அடிபட்ட வண்டியோ, நிபுணர் சான்று தரும்வரை கைமாற முடியாது. வண்டியின் வரலாற்றைப் பார்க்க அரசாங்கமே வழி வைத்திருக்கிறது.

பார்த்தீர்களா? அங்கே பழைய சாமான் கொல்லைப்புற வழியாக வரவில்லை. வாசல் வழியாக, விலைச்சீட்டோடு வருகிறது. வெளிச்சத்தில் வருவதால் வெட்கமில்லை.

இங்கே முயற்சியே இல்லையா? இருக்கிறது. 2021 செப்டம்பரில் பழைய வண்டிகளை உடைக்கும் பதிவுபெற்ற கூடங்களுக்கு விதி வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வண்டிகள் பற்றிய சுற்றுச்சூழல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரி தம்மிடம் விற்பனைக்கு வந்த வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பொறுப்பேற்க வேண்டும் என்றாயிற்று. பழைய வண்டி வியாபாரியின் லாபத்தின் மேல் வரியும் 2025 ஜனவரியில் சிறிய கார்களுக்கு 12-லிருந்து 18 சதமாக ஏறியது. வண்டி கைமாறினால் வரி வாங்கத் தெரிந்த டில்லிக்கு, உண்மையை எழுதி வாங்கத் தெரியவில்லையே!

"ஆர்.சி.யில் விபத்தை எழுதினால் வண்டியின் மதிப்பே போய்விடும், ஏழைதான் பாதிக்கப்படுவான்" என்று சிலர் வாதிடக்கூடும். வாதம் அழகாகத்தான் இருக்கிறது, அடித்தளம்தான் இல்லை. பம்பர் கீறியதையும் கதவு நெளிந்ததையும் எழுதச் சொல்லவில்லை. முழு நட்டம், எலும்புக்கூட்டு அடி, வெள்ள மூழ்கல் இம்மூன்றை எழுதுங்கள் என்கிறோம். மதிப்பு போவது எழுதுவதாலல்ல. மோதிய அன்றே போய்விட்டது. அந்த நட்டத்தை யார் சுமப்பது என்பதே கேள்வி. எழுதினால் முதல் கையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் சுமக்கும். எழுதாவிட்டால் மூன்றாவது கை சுமக்கும். சிலவேளை உயிரையும் சேர்த்துக் கொடுக்கும்!

சட்டம் மாறும்வரை சும்மாயிருக்க வேண்டியதில்லை. கையிலுள்ள ஆயுதங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். பழைய பொருளையோ, புதுப்பித்த பொருளையோ புதியதென்று காட்டுவது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வாணிபம். இரசீது தர மறுப்பதும் அப்படியே. வாடகைக்கு ஓட்டுபவனுக்கு இச்சட்டம் இல்லை என்று மிரட்டுவார்கள், நம்பாதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காகவே வண்டி வாங்கியவன் நுகர்வோனே. 5 இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும். ஆனால் இது வியாபாரிக்கும் பட்டறைக்கும் பொருந்தும். அண்டை வீட்டுக்காரனிடம் தனிப்பட்ட முறையில் வாங்கினால், 'வாங்குபவனே விழித்திரு' என்ற பழைய நியாயந்தான் பெரும்பாலும் நிற்கும். ஆகவே எழுதி வாங்குங்கள்: "இந்த வண்டி பெரிய விபத்தில் சிக்கியதில்லை, நீரில் மூழ்கியதில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தயங்கும் கையிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். காந்தத்தைத் தகட்டில் வையுங்கள். பட்டி கனத்த இடத்தில் ஒட்டாது. பானெட், கதவு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா? கண்ணாடிகளில் பொறித்த ஆண்டுக் குறி ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா? கால்மிதியைத் தூக்கினால் சேற்று வாடையா? இருக்கைத் தண்டவாளத்தில் துருவா? சேசிஸ் எண்ணைச் சுற்றிப் புதிய பற்றவைப்பா? மாற்றிய கதவு இருந்தால் அஞ்சாதீர்கள், காரணம் கேளுங்கள். மாற்றிய எலும்புக்கூடு இருந்தால் கேட்கவும் வேண்டாம், திரும்பி வாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல். வண்டியை விற்றுவிட்டோம், பேர் மாற்றம் அவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ, அவரே விபத்து நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பட்டறைத் தோழர்களுக்கும் சொல்வேன்: பழைய பாகம் போட்டால் பில்லில் 'பழையது' என்று எழுதுங்கள், எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். உங்கள் உழைப்பு திருட்டல்ல, பிறகு அதை ஏன் திருட்டுப் பொருள்போல் ஒளிக்க வேண்டும்? எழுதி வைத்த பில், விற்கும்போது வண்டிக்கு நற்சான்றாகும்.

மோட்டார் வாகனம் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். 1963-ம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டப்படி புதுச்சேரிச் சட்டசபைக்கும் அதில் குரல் உண்டு. டில்லிச் சட்டத்தோடு மோதினால் டில்லியே மேலோங்கும் என்பதும் உண்மை. அதனால் வாய்மூடி இருக்க வேண்டுமா? முழு நட்டம் என்று பணம் கொடுத்த ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பதிவு இலாகாவுக்குத் தரட்டும். பதிவேட்டில் அது தெரியட்டும். பழைய பாகத்துக்குப் பில்லும் பிறப்பிடமும் கட்டாயமாகட்டும். பிரேக்கும் பெல்ட்டும் ஏர்பேக்கும் அந்தச் சந்தையிலிருந்து விலக்கப்படட்டும்! சட்டசபை தீர்மானமாகச் சொல்லட்டும். டிரைவர் சங்கங்கள் தெருமுனையில் சொல்லட்டும்.

புதியதையே வாங்கு என்று ஏழைக்கு உபதேசம் செய்வது எளிது. பழையதை நம்பி வாங்கும் நிலையை ஏழைக்கு உண்டாக்குவதே ஆட்சி.